என் கைகளைக் கட்டிய துணி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

இத்தாள்களைக் கையில் எடுத்தவர் எவராயினும் தங்களுக்கு என் வணக்கம். நான் மன்னார் மாவட்டத்தின் பெருநிலப்பகுதியில், அடம்பனுக்கு மேற்கே உள்ள ஒரு கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவன். இருபத்துமூன்று ஆண்டுகளாக ஜேர்மனியின் வடபகுதிச் சிறுநகர் ஒன்றில் கத்தோலிக்கக் குருவாகப் பணியாற்றி வருகின்றேன். வயது அறுபத்தாறு. என் பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. பின்னர் ஐந்து ஆண்டுகள் தகப்பனாரோடு கடலுக்குப் போனேன். தனியாகப் பரீட்சை எழுதிக் குருமடத்தில் சேர்ந்தபோது அங்கே படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. ஆதலால் எழுத்துத் தமிழைப் பழைய மறையுரை நூல்களையும் பத்திரிகைகளையும் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். பிழைகள் இருப்பின் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

நான் எழுதப்போவது ஒரு துணியைப் பற்றி. அதைப் பற்றி நான் பலமுறை மறையுரைகளில் பேசியிருக்கின்றேன். பேசியது உண்மையன்று என்று அண்மையில்தான் அறிந்தேன்.

1

சென்ற ஆண்டு எனது குருத்துவ அருட்பொழிவின் முப்பத்தைந்தாம் ஆண்டு நிறைவெய்தியது. அன்று காலைத் திருப்பலிக்கு நாற்பது பேர் வந்திருந்தனர். எங்கள் பங்குக் கோவிலுக்கு அது பெருங்கூட்டம். பூசை முடிந்ததும் பங்குச் செயலாளர் திருமதி ஹைக்கே எல்லோர் சார்பிலும் எனக்கு இரண்டு நடைக்கோல்களைப் பரிசளித்தார். இந்நாட்டில் முதியோர் உடல்நலம் கருதி இரு கைகளிலும் கோலூன்றிக் காட்டுக்குள் நடப்பர். மணலில் வலை இழுத்து நடந்த எனக்குக் கோல் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. நன்றி கூறிப் பெற்றுக்கொண்டேன்.

பிற்பகலில் தமிழ்க் குடும்பங்களுக்கான மாதாந்தப் பூசை. இங்கே பிறந்த பிள்ளைகள் தமிழ்ச் செபங்களை உரோம எழுத்தில் எழுதி வைத்து வாசிப்பார்கள். பாவசங்கீர்த்தனத்தை ஜேர்மன் மொழியில் செய்வார்கள். ஒரு பையன் என்னிடம், தமிழில் தனக்குப் பாவங்களின் பெயர் தெரியாது என்று சொன்னான். அது ஒரு கொடை என்றே நான் எண்ணிக்கொண்டேன். ஆனால் உறுதிபூசுதல் பெற்ற மறுமாதமே பாதிப்பேர் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிடுகின்றார்கள். பெற்றோர் என்னைப் பார்க்கின்றார்கள். நான் பெற்றோரைப் பார்க்கின்றேன்.

அன்று பூசைக்குப்பின் தேநீர் வேளையில், ஷரோன் என்ற பதினாறு வயதுப் பிள்ளை கையில் கேக்குடன் என் முன்னே வந்து நின்றாள்.

"ஃபாதர், ஒண்டு கேக்கட்டோ? உங்கட அம்மா இருக்கிறாவோ?"

"ஓம் பிள்ளை. எண்பத்தொன்பது வயது. மன்னாரில இருக்கிறா."

"அவ உங்களை என்னெண்டு கூப்பிடுவா?"

"சுவாமி எண்டு."

"சொந்த அம்மாவோ?" அவள் கேக்கை விழுங்கிவிட்டு மீண்டும் கேட்டாள். "சுவாமி, சாப்பிட்டீங்களோ எண்டோ? நீ எண்டு சொல்ல மாட்டாவோ?"

"மாட்டா. குருப்பட்டம் பெற்ற நாளிலயிருந்து இல்லை."

"பாவம் நீங்கள்," என்றாள்.

அவளுடைய தாய் அவளை அதட்டினார். எனக்கு வருத்தம் உண்டாகவில்லை. ஆயினும் அந்தக் கேள்வியோடுதான் வீடு திரும்பினேன்.

2

பிற்சந்ததியினர் அறியார் என்பதனால் அவ்வழக்கத்தை இங்கே விளக்குதல் தகும்.

குருத்துவ அருட்பொழிவின்போது ஆயர், புதிய குருவின் உள்ளங்கைகளில் கிறிஸ்மா தைலத்தைப் பூசுவார். அது ஒலிவ எண்ணெயில் நறுமணப் பிசினைக் கலந்து பெரிய வியாழனை ஒட்டி ஆயர் அர்ச்சிக்கும் தைலம். பூசிய கைகளை ஒரு வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டுவார்கள். அக்கட்டை அவிழ்ப்பவர் குருவின் தாய். அத்துணி அவருக்கே உரியது. அவர் இறக்கும்போது அதே துணியால் அவர் கைகளைக் கட்டி அடக்கம் செய்வார்கள். "நீ எனக்கு என்ன கொண்டுவந்தாய்?" என்று ஆண்டவர் கேட்கும்போது அந்தத் தாய் தன் கைகளைக் காட்டுவார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தத் தைலத்தின் வாசம் போகக்கூடாதென்று துணியைத் தோய்க்கமாட்டார்கள்.

என் துணியின் இரு முனைகளிலும் கன்னியர் மடத்துச் சகோதரிகள் சிவப்பு நூலால் சிலுவை தைத்திருந்தனர். அம்மா கட்டை அவிழ்த்தார். பின்பு என் உள்ளங்கைகளை முத்தமிட்டு, "சுவாமி, எனக்கு ஆசீர்வாதம் தாங்கோ," என்றார். அன்று காலை வரை நான் அவருக்குத் தம்பி. "தம்பி, சேட்டு கசங்கிப்போச்சு, மாத்து" என்று அன்று காலையில் அதட்டியவர் அவர்தான். அந்த நண்பகலோடு "நீ" என்ற சொல் எங்கள் வீட்டில் எனக்கில்லாமற் போயிற்று. என்னிலும் நான்கு வயது மூத்தவரும், என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவருமான றீற்றா அக்காவும் அன்றுமுதல் என்னைச் சுவாமி என்றே அழைக்கத் தொடங்கினார்.

துணி ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போயிற்று. ரின் அலுமாரிக்குள் போயிற்று.

நான் ஜேர்மனிக்கு வந்த சில ஆண்டுகளில் எங்கள் பகுதியில் இறுதி யுத்தத்தின் இடப்பெயர்வு தொடங்கியது. தகப்பனார் முன்னரே காலமாகிவிட்டார். அக்கா மணமுடித்து மன்னார்த் தீவில் இருந்தார். அம்மா சின்னையா குடும்பத்தோடு பெருநிலப்பகுதியில் இருந்தார். உயிலங்குளத்துச் சோதனைச்சாவடி மூடப்பட்டபின் தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. அம்மா அடம்பனிலிருந்து வெள்ளாங்குளம், அங்கிருந்து இன்னும் வடக்கே என்று சனத்தோடு சனமாகப் போய், கடைசியில் முகாமில் இருந்து மீண்டு, தீவுக்கு அக்காவிடம் வந்து சேர்ந்தார். அவ்வளவு காலமும் நான் இங்கே திருமண ஆயத்த வகுப்புகள் நடத்திக்கொண்டிருந்தேன்.

அதன்பின் நான் ஊருக்குப் போன முதல்நாள் அம்மா அந்த ரின்னைத் திறந்து காட்டினார். துணி இருந்தது. வீட்டையும் வள்ளத்தையும் விட்டு வந்தவர் அதை விடவில்லை என்று நான் மனம் நெகிழ்ந்தேன். அடுத்து வந்த ஆண்டுகளில் இங்குள்ள மூன்று கோவில்களிலும் அதைப் பற்றி மறையுரை ஆற்றினேன். ஜேர்மானியர்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

3

அக்காவின் அழைப்புக்கு வருமுன் எனது கடவுச்சீட்டு நிலையைக் கூறவேண்டும். இல்லையேல், தாய் படுக்கையில் கிடக்க மகன் ஏன் போகவில்லை என்று தாங்கள் கேட்பீர்கள்.

நான் இன்னும் இலங்கைக் குடிமகன். என் கடவுச்சீட்டு காலாவதியாவதை நான் கவனிக்கவில்லை. அது முழுக்க என் தவறு. புதியதற்கு விண்ணப்பித்தால் அது கொழும்புக்குப் போய் வரவேண்டும். அது வந்தபின் இங்குள்ள வெளிநாட்டவர் கந்தோரில் வதிவிட அட்டையையும் மாற்றவேண்டும். அதுவரை ஒரு தற்காலிகக் கடதாசி தருவார்கள். அதன் ஜேர்மன் பெயரைத் தமிழாக்கினால் ஏறத்தாழ "கற்பனைச் சான்றிதழ்" என்று வரும். திருமதி ஹைக்கே அதைப் பார்த்துவிட்டு, "இருபத்துமூன்று ஆண்டுகள் எங்களை அடக்கம் செய்தபின் தாங்கள் கற்பனையாகிவிட்டீர்கள், ஃபாதர்," என்றார். அவர் சொன்னது ஓரளவு உண்மை. என் பணியில் பெரும்பகுதி அடக்கம் செய்தலே.

முதல் ஆண்டில், மொழி சரியாக வராத காலத்தில், ஒரு மூதாட்டியின் கணவரை அடக்கம் செய்துவிட்டு, அனுதாபம் சொல்லவேண்டிய இடத்தில் "நல்வாழ்த்துகள்" என்று சொல்லிக் கைகொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நன்றி ஃபாதர். அவரோடு வாழ்வது எளிதாக இருக்கவில்லை," என்றார். பின்னர் அவர் இறக்கும்வரை ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்தார்.

4

ஆண்டு நிறைவு கழிந்த மூன்றாம் நாள் பிற்பகல் அக்கா தொலைபேசியில் அழைத்தார். அங்கே மாலை. பின்னணியில் கழுதை கத்தும் ஒலி கேட்டது.

"சுவாமி, கேக்குதோ?"

"கேக்குது அக்கா. கழுதையும் கேக்குது. அம்மா என்னமாதிரி?"

"விழுந்திட்டா சுவாமி. கிணத்தடியில. இடுப்பெலும்பு. இந்த வயதில வெட்டேலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். வீட்டை கொண்டந்திட்டம். பங்குச் சுவாமி வந்து அவஸ்தைப்பூசுதலும் குடுத்திட்டார்." கதவு சாத்தும் ஒலி கேட்டது. "நான் இப்ப வெளியில வந்து நிண்டு கதைக்கிறன். சுவாமி, நான் ஒரு பாவசங்கீர்த்தனம் செய்யவேணும்."

"செய்யுங்கோ. பங்குச் சுவாமியிட்டப் போங்கோ."

"உங்களிட்ட."

"அக்கா, ரெலிபோனில செய்யேலாது. அது செல்லாது. ஆள் முன்னால இருக்கவேணும்."

"அப்ப நீங்கள் வரும்வரைக்கும் அம்மா இருப்பாவோ?"

"அப்ப பாவசங்கீர்த்தனம் எண்டு வேண்டாம். அக்கா தம்பிக்குச் சொல்லுறமாதிரிச் சொல்லுங்கோ," என்றேன்.

அவர் சொன்னது இதுதான். அம்மா முகாமிலிருந்து வந்த அடுத்த ஆண்டு, மடு மாதா கோவில் திருநாளுக்குப் போயிருந்த சமயம், அக்கா அலுமாரியைத் துப்புரவாக்கியிருக்கின்றார். ரின்னைத் திறந்தபோது பூஞ்சண மணம் அடித்திருக்கின்றது. வேறெதையும் யோசியாமல் துணியை எடுத்துச் சவர்க்காரம் போட்டு, நீலம் போட்டுத் தோய்த்து, வெயிலில் காயவிட்டிருக்கின்றார். கொடியில் அது வெள்ளை வெளேரென்று ஆடியபோதுதான் தாம் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது.

"எனக்குக் கை கால் ஓடேல்லை சுவாமி. ஆயர் பூசின எண்ணெயெல்லே. பிறகு நல்லெண்ணெய் கொஞ்சம் தடவினன். அது சமையல் மணம் மணந்தது. அப்ப பசாருக்குப் போய் முஸ்லிம் கடையில அத்தர் வாங்கினன். கடைக்காரக் காக்கா கேட்டார், ஆருக்கு மகள், கலியாணமோ எண்டு. இல்லை காக்கா, கோயிலுக்கு எண்டன். அவர் ஒரு மாதிரிப் பாத்திட்டு, நல்லதாத் தாறன் எண்டு தந்தார்."

நான் சிரித்துவிட்டேன். அது தவறு. மறுமுனையில் அக்கா அழுவது கேட்டது.

"சிரியுங்கோ. நீங்கள் படிச்சனீங்கள். பதினாலு வருசம் நான் அந்த ரின்னைத் தொடேல்லை. இனி அம்மா கண்ணை மூடினா நான்தானே கட்டவேணும். ஆண்டவருக்கு முன்னால போய் அந்தக் கையை நீட்டேக்க என்ன இருக்கும்? அத்தர்தானே இருக்கும்?"

"அக்கா, இது பாவமில்லை. துணியைத் தோய்க்கிறது எந்தக் கட்டளையிலயும் இல்லை."

"நீங்கள் பாவமில்லை எண்டுறியள். அம்மாவுக்குச் சொல்லுவியளோ?"

"அம்மாவுக்கு இப்ப ஏன்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

"பாத்தியளோ," என்றார் அக்கா.

5

மறுநாள் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த பெண் அலுவலர் கனிவாகவே பேசினார். கடவுச்சீட்டு இல்லாமல் விமானம் ஏற முடியாது. தாய் கடும் சுகவீனம் என்ற வைத்தியச் சான்று இருந்தால் பின்னர் அட்டையை விரைவாக முடித்துத் தரலாம். ஆனால் கடவுச்சீட்டை அவரால் தரமுடியாது. "தங்கள் தாய்க்கு வேறு பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டார். ஒரு மகள் உண்டு என்றேன். "அது நல்லது," என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

இனி நான் எழுதுவது என் தவறு.

பங்கைச் சேர்ந்த அன்ரன் என்பவர் சகோதரி மகளின் திருமணத்துக்காக மன்னாருக்குப் போகவிருந்தார். அதை அறிந்ததும் எனக்கு ஓர் எண்ணம் எழுந்தது. கிறிஸ்மா தைலம் திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம், கோவில் நேர்ந்தளிப்பு ஆகியவற்றுக்கே உரியது. வேறொன்றுக்கும் எடுக்கலாகாது. இதனை இளங்குருக்களுக்குக் கற்பித்தவன் நான். அன்று பகல் கோவிலில் எவரும் இல்லாத நேரம் பூசை உடுப்புகளும் தைலங்களும் இருக்கும் சக்கிறீஸ்து அறைக்குள் போய், அலுமாரியைத் திறந்து, என் உள்ளங்கைகளில் நானே அதைப் பூசினேன். புதிய வெள்ளைத் துணியொன்றில் துடைத்தேன். சிவப்பு நூல் வாங்கி வந்து இரு முனையிலும் சிலுவை தைத்தேன். வலை பொத்தத் தெரிந்தவனுக்குத் தையல் வரும். ஆயினும் என் சிலுவைகள் சற்றுத் தடித்திருந்தன.

அதைப் பொதிசெய்து அன்ரனிடம் கொடுத்தேன். அம்மா அறியாமல் ரின்னுக்குள் மாற்றி வைக்குமாறு அக்காவுக்குச் சொன்னேன். முப்பத்தைந்து ஆண்டுகள் குருவாக இருந்தவன், மரணப்படுக்கையில் இருக்கும் தன் தாயை ஏமாற்றுவதற்குத் திட்டம் வகுத்துக் கொடுத்தான். அப்போது அதை அன்பு என்றே எண்ணினேன்.

6

பொதி சேர்ந்த மறுநாள் அக்கா காணொளியில் அழைத்தார்.

"சுவாமி, அம்மா பிடிச்சிட்டா."

ரின் அம்மாவின் தலைமாட்டில் இருந்திருக்கின்றது. அவர் உறங்குகின்றார் என்று எண்ணி அக்கா மூடியைத் திறந்தபோது, கண்ணைத் திறவாமலே, "என்னடி தேடுறாய்?" என்று கேட்டாராம்.

அக்கா தொலைபேசியை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். அம்மா மிகவும் மெலிந்திருந்தார். மடியில் இரண்டு துணிகள் கிடந்தன.

"சுவாமி, இது உங்கட வேலையோ?"

"ஓம் அம்மா."

"நல்ல தடிச்ச துணி. ஜேர்மனியில வெயில் இல்லையெண்டு இப்பிடி நெய்யிறவங்களோ?"

அக்காவால் பொறுக்க முடியவில்லை. "அம்மா, நான்தான் அம்மா. நீங்கள் மடுவுக்குப் போயிருக்கேக்க நான்தான் அதைத் தோய்ச்சுப்போட்டு..."

"தெரியும் விசரி. மடுவால வந்து ரின்னைத் திறக்க, முஸ்லிம் கலியாண வீடு மாதிரி மணந்தது."

"பிறகேன் பேசாம இருந்தனீங்கள்?"

"என்னத்தைப் பேச? நீ தோய்ச்சது என்ர சீலைத் தலைப்பு."

அக்கா தொலைபேசியைத் தாழ்த்தினார். சுவரும் யன்னலும் தெரிந்தன. பின் மீண்டும் அம்மாவின் முகம் வந்தது.

"வெள்ளாங்குளத்துக்கு இங்கால ஒரு குளக்கட்டோரம் தறப்பாள் கட்டியிருந்தம்," என்று அம்மா தொடங்கினார். "பக்கத்துத் தறப்பாளில உயிலங்குளத்து ஆக்கள். சைவச் சனம். வயல் செய்யிறவை. அவையின்ர பிள்ளை கமலா. இருபது வயது வராது. எனக்குத் தண்ணி அள்ளித் தாறவள். 'வேதக்கார ஆச்சி, குடத்தைத் தாணை, உன்ர மாதா வந்து அள்ளமாட்டா' எண்டு பகிடி விடுவாள். பெரிய வாய்க்காரி."

சற்று மூச்சு வாங்கினார். அக்கா தண்ணீர் பருக்கினார்.

"ஷெல் துண்டு பட்டுது. அண்டைக்குப் பின்னேரமே போயிட்டாள். ஒரே மழை. எரிக்க வழியில்லை. கட்டோரமே கிடங்கு வெட்டினவங்கள். தாய்க்காரி வந்து கேட்டா, அக்கா, பிள்ளையின்ர கையைக் கட்ட ஒரு வெள்ளைத் துணி இருக்கோ எண்டு. எங்க இருக்கு? எல்லாம் சேறு. நான் கட்டியிருந்த வெள்ளைச் சீலையும் சேறு. அந்த ரின்னுக்குள்ள மட்டும்தான் இருந்தது."

"குடுத்தனீங்களோ அம்மா?" என்றேன்.

"குடுத்தனான். ஆனா உடன குடுக்கேல்லை சுவாமி. யோசிச்சனான். இது என்ர கைக்குத் தந்ததெல்லே, இதைக் குடுத்தா நான் என்னத்தோட போறது எண்டு யோசிச்சனான். அவ்வளவு நேரமும் அந்தப் பொம்பிளை மழைக்குள்ள கையை நீட்டிக்கொண்டு நிண்டது. குடுத்தது எனக்குத் துக்கமில்லை. அவ நிண்டதுதான்."

முகாமுக்கு வந்தபின் தம் வெள்ளைச் சீலையைத் தோய்த்து, தலைப்பில் ஒரு துண்டு வெட்டி, யாரிடமோ சிவப்பு நூல் வாங்கிச் சிலுவை தைத்திருக்கின்றார். சிலுவை கோணலாகக் கிடந்ததைத் தாம் அன்றே கண்டதாகவும், கன்னியர் மடத்துத் தையல் இவ்வளவுதானோ என்று எண்ணியதாகவும் அக்கா அழுகைக்கிடையே சொன்னார்.

"ஏன் அம்மா பொய்யாச் செய்தனீங்கள்? எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் கேட்டா என்ன சொல்லுறது?"

"நான் ஏன் கேக்கப்போறன்?"

"வந்த முதல்நாள் கேட்டனீங்கள்."

ஐயா, அம்மணி, அது உண்மை. இரண்டாம் பகுதியில் அம்மா ரின்னைத் திறந்து காட்டினார் என்று எழுதினேன். தாமாகக் காட்டவில்லை. வாசலில் என் பையை இறக்கி வைத்துவிட்டு, அவர் என்ன உண்டார், எங்கே உறங்கினார், யார் யாரை இழந்தார் என்று ஒன்றும் கேளாமல், "அம்மா, துணி இருக்கோ?" என்று நான் கேட்டேன். என் மறையுரைகளில் இந்தக் கேள்வி ஒருநாளும் இடம்பெறவில்லை.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "உன்ர துணியை நான் குடுத்திட்டன். மன்னிச்சுக்கொள் தம்பி," என்றார்.

முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் அந்தச் சொல்லைக் கேட்டேன்.

"நீங்கள் குடுத்தது சரி அம்மா. நான் கேட்டதுதான் பிழை."

"சரி, விடு. றீற்றா, மூக்கைத் துடை. சுவாமி, இப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ. எனக்கு இவள் தோய்ச்சதைக் கட்டுங்கோ. அது என்ர சீலை. அந்த அத்தர் மணமும் எனக்குப் பழகிப்போச்சு. இந்த ஜேர்மன் துணி அவளுக்கு இருக்கட்டும்."

"எனக்கேன்? நான் என்ன குருவைப் பெத்தனானோ?" என்றார் அக்கா.

"பெத்தது நான். தூக்கித் திரிஞ்சது ஆர்?"

"எனக்கு வேண்டாம். நான் இன்னும் கன காலம் இருப்பன்."

"ஓம், இருந்து எல்லாத்தையும் தோய்."

மூவரும் சிரித்தோம். அம்மாவுக்குச் சிரிக்க நோவாக இருந்தது. அப்படியும் சிரித்தார்.

7

அம்மா அதன்பின் பதினொரு நாட்கள் இருந்தார். கடவுச்சீட்டு அடக்கத்துக்கு எட்டு நாட்கள் பிந்தி வந்தது. பிறருடைய தாய்மாரை இங்கே அடக்கம் செய்த நான் என் தாயின் அடக்கத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். திருமதி ஹைக்கே பக்கத்துக் கதிரையில் இருந்தார். மொழி விளங்காவிட்டாலும் இறுதிவரை எழுந்து போகவில்லை. பெட்டி மூடுமுன் அக்கா கைகளைக் கட்டுவது தெரிந்தது. முடிச்சு இறுக்கமாக இல்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கு நான் ஊரில் நின்றேன். மறுநாள் காலை அக்கா கோவிலுக்கு வந்து நான் இருந்த பாவசங்கீர்த்தனக் கூண்டின் முன் முழந்தாட்படியிட்டார். அங்கே சொல்லப்பட்டது இங்கே எழுதப்படாது. முன்னர் தொலைபேசியில் சொன்னது அருட்சாதனமன்று. ஆதலால் அதற்கு இரகசிய முத்திரை இல்லை. எனினும் அக்காவின் அனுமதி பெற்றே எழுதியிருக்கின்றேன். என் பங்குக்கு நானும் பங்குச் சுவாமியிடம் சென்று தைலத்தின் கதையைச் சொன்னேன். அவர் என்னிலும் முப்பது வயது இளையவர். மூன்று நாட்கள் சேமக்காலைக்குப் போய்க் கல்லறையடியில் அம்மாவோடு கதைக்கும்படி தண்டனை தந்தார். போனேன். முதலிரு நாட்களும் எனக்குக் கதைக்க வரவில்லை.

பின்பு அக்காவும் நானும் பஸ்ஸில் வெள்ளாங்குளப் பக்கம் போனோம். அம்மா சொன்ன அடையாளங்கள் இரண்டு: குளக்கட்டு, அதனருகே ஒரு மருதமரம். அப்பகுதியில் குளங்களும் பல, மருதமரங்களும் பல. மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒருவரை மறித்துக் கேட்டோம்.

"ஐயா, அந்தக் காலத்தில இந்தக் கட்டோரம் ஆரையும் தாட்டதாத் தெரியுமோ?"

"எந்தக் கட்டோரம் புதைக்கேல்லை எண்டு கேளுங்கோ சுவாமி, சொல்லுறன்," என்றார்.

திரும்பும் வழியில் உயிலங்குளத்தில் இறங்கி ஒரு தேநீர்க் கடையில் விசாரித்தோம். கடைக்காரர் தேநீரை ஆற்றியபடி, "எந்தக் கமலா? இஞ்ச நாலு கமலா இருந்தவை. தேப்பன்ர பேர் என்ன?" என்றார். எங்களுக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டு வைக்கவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. துணியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டோம். "இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வராத குடும்பம் எண்டா மூண்டு நாலு இருக்கு. இந்தியாவுக்குப் போனதுகளும் இருக்கு. விசாரிச்சுப் பாக்கிறன்," என்று அவர் சொன்னார். என் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். இதுவரை அழைப்பு வரவில்லை.

என்னிடம் இருப்பது இவ்வளவே. அவள் பெயர் கமலா. ஊர் உயிலங்குளம். வயல் செய்யும் குடும்பம். தண்ணீர் அள்ளிக் கொடுப்பாள். பகிடி விடுவாள். வெள்ளாங்குளத்துக்கு இப்பால் ஒரு குளக்கட்டில், மழைநாள் ஒன்றில், அவளை அடக்கம் செய்தனர். அவள் கைகளைக் கட்டிய துணி வெள்ளையானது. இரு முனையிலும் சிவப்புச் சிலுவை உண்டு. அச்சிலுவை அவள் சமயமன்று. அதற்காக அவள் குடும்பத்தார் வருந்தினால் அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்கின்றேன். ஒருநாள் எவரேனும் அக்கட்டைத் தோண்ட நேர்ந்து, துணியின் எச்சம் ஏதும் இருக்கக் கண்டால், அது கத்தோலிக்கப் பிள்ளையொன்றின் குழி என்று எழுதிவிடவும் கூடும். அது சரியன்று. அதனாலேயே இத்தனையும் எழுதினேன்.

இதன் பிரதியொன்றை எங்கள் பங்கின் பதிவேட்டு அலுமாரியில் வைத்து, இன்னொன்றை உயிலங்குளத்துத் தேநீர்க் கடையில் கொடுத்திருக்கின்றேன். தாங்கள் வாசிப்பது மூன்றாவது பிரதி. ஐயா, அம்மணி, வாசித்தபின் தயவுசெய்து இதனை எறிந்துவிடாது வைத்திருங்கள். கமலாவைக் கேட்டு எவரேனும் வரக்கூடும்.